எனக்கு ஆங்கிலம் போதாது என்று எழுதிக் கொடுத்தபோது

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய உயர்கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில நடக்கிற தீவிர ஆங்கிலப் பயிற்சிநெறிக்கு எப்பிடி விண்ணப்பிக்கிறது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லவேணும்" என்று கேட்டார். "நான் டொக்டர். டெங்குக் காய்ச்சலைப் பற்றிக் கேளுங்கோ, வந்து பேசுறன்" என்றேன். அவர் விடவில்லை. "நீர் அப்பிடி ஒரு வகுப்பில இருந்து படிச்சனீர்தானே" என்றார்.

உண்மைதான். 2011 ஆம் ஆண்டு, என்னுடைய 32 ஆவது வயதில், எம்.பி.பி.எஸ். முடித்துச் சில வருடங்கள் ஆஸ்பத்திரியில் வேலையும் செய்த பிறகு, அமெரிக்காவின் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்து ஆங்கிலம் படித்தேன். இதை நான் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை. நான் அங்கே போனது பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் பட்டம் படிக்க என்றுதான் என் சொந்தக்காரர் பலருக்குத் தெரியும். அதுவும் படித்தேன். ஆனால் அதற்கு முதல் இரண்டு பருவம் ஆங்கிலம் மட்டும் படித்தேன். அந்த இரண்டு பருவத்தை மறைத்தது ஏன் என்று யோசித்துப் பார்த்துத்தான் இந்த மேடைக்கு வரச் சம்மதித்தேன்.

நான் இந்தக் கல்லூரியில் படித்த காலம் உங்களுக்குக் கதையாகத்தான் தெரியும். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். கொப்பி கிடைப்பதே பெரிய காரியம். ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நாலு பேர் பங்குபோட்டோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் எல்லாம் நடந்தபோது, எங்கள் வீட்டிலும் புத்தகங்களை விட்டுவிட்டுச் சான்றிதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தோம். இந்தக் கல்லூரியும் அந்தக் கஷ்டம் எல்லாவற்றையும் எங்களோடு சேர்ந்து பட்டது. ஆகவே ஆங்கிலம் போதாமற் போனதற்குக் கல்லூரியை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில், இடம்பெயர்ந்து வந்து எங்களோடு சேர்ந்த ஒரு பிள்ளை பாடத்தை எழும்பி நின்று வாசித்தாள். 'ஐலண்ட்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டி 'இஸ்லாண்ட்' என்று வாசித்துவிட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ரீச்சர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். "பிழையாயெண்டாலும் வாசிச்சாள். நீங்கள் ஒருதரும் கை உயர்த்தேல்லையே" என்றார். அவர் சொன்னது எங்களுக்கு அப்போது ஏறவில்லை. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஆங்கிலம் வாசித்து நான் கேட்கவே இல்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை. சிரித்தவர்களுக்கு, தங்களைப் பார்த்து எப்போது சிரிப்பார்கள் என்ற பயம் கூட.

அந்தப் பயத்தோடுதான் மருத்துவ பீடத்துக்குப் போனேன். அங்கே படிப்பு ஆங்கிலத்தில். வாசிக்கலாம், பாடமாக்கலாம், சோதனையும் எழுதலாம். சிநேகிதிகளோடு தமிழ், நோயாளரோடு தமிழ், விடுதியில் தமிழ். இப்படியே டொக்டராகவும் ஆகிவிட்டேன். தடித்த மருத்துவப் புத்தகத்தை முழுதாக வாசித்து விளங்கக்கூடிய எனக்கு, ஒருவரின் முகத்தைப் பார்த்து ஐந்து வசனம் தொடர்ந்து பேச வராது. இதை எவரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

2009 இல் வவுனியாவில் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் வேலை செய்தேன். பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று அதிகமாக இருந்தது. வாராவாரம் நடக்கும் கூட்டத்தில் வெளிநாட்டு நிறுவனக்காரர், அதிகாரிகள், டொக்டர்மார் எல்லோரும் இருப்பார்கள். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். ஒருநாள் இந்தப் பிரச்சினை எடுபட்டது. மலசலகூடங்களின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். பெண்கள் என்னிடம் தமிழில் சொல்லியிருந்தார்கள். மலசலகூடப் பக்கம் இரவில் வெளிச்சம் இல்லை. பயத்தில் இரவில் போகாமல் அடக்கினார்கள். போகவேண்டி வரும் என்று பின்னேரத்திலிருந்து தண்ணீரும் குடிக்காமல் விட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். நாலு விளக்குப் போட்டால் பாதி தீரும்.

அதை நான் சொல்லவில்லை. மனதுக்குள் வசனத்தைக் கட்டிக் கட்டிப் பார்த்தேன். 'அடக்குவது' என்பதற்கு என்ன சொல், இறந்தகாலத்தில் சொல்வதா நிகழ்காலத்தில் சொல்வதா என்று யோசித்து முடிப்பதற்குள் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். சில கிழமைகள் கழித்து வேறொருவர் அதைச் சொல்ல, விளக்கு வந்தது. அந்தக் கிழமைகளில் என் கிளினிக்குக்கு வந்த பெண்களின் முகம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவர்களுக்கு மருந்து கொடுத்தேன். அவர்களுக்காகப் பேசவில்லை.

பிள்ளைகள், நான் ஆங்கிலம் படிக்கப் போனதற்குக் காரணம் இதுதான். இனி நீங்கள் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், இந்தப் பயிற்சிநெறி என்றால் என்ன? அமெரிக்காவில் இதை 'இன்ரென்சிவ் இங்கிலீஷ் புறோகிராம்' என்பார்கள். பட்டப்படிப்புக்குப் போதிய ஆங்கிலம் இல்லாத வெளிநாட்டு மாணவரைச் சேர்த்து, முழுநேரமாக ஆங்கிலம் மட்டும் படிப்பிப்பது. 1941 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆங்கில மொழி நிறுவனம்தான் அந்த நாட்டில் இவ்வகையில் முதலாவது. மாணவர் விசாவில் வகுப்பறைப் படிப்பாக இதைப் படிப்பவர் கிழமைக்குக் குறைந்தது 18 மணித்தியாலம் வகுப்பில் இருக்கவேண்டும். அவுஸ்திரேலியாவில் இதே போன்ற வகுப்புகளை 'எலிக்கோஸ்' என்பார்கள். அங்கே கிழமைக்கு 20 மணித்தியாலம். இங்கிலாந்தில் பட்டப்படிப்புக்கு முன்னான 'பிறீ செஷனல்' வகுப்புகள் உண்டு. நான் அறிந்தது அமெரிக்க வழி என்பதால் அதையே சொல்கிறேன்.

நான் முதலில் முதுமாணிப் பட்டத்துக்குத்தான் விண்ணப்பித்தேன். 'டோஃபல்' சோதனையில் அப்போது மொத்தம் 120 புள்ளி. வாசிப்பில் நல்ல புள்ளி எடுத்தேன். பேச்சில் 30 க்கு 16. பல்கலைக்கழகம் மறுக்கவில்லை, நிபந்தனையோடு அனுமதி தந்தது. முதலில் எங்கள் ஆங்கிலப் பயிற்சிநெறியை முடியுங்கள், பிறகு பட்டப்படிப்புக்கு வாருங்கள் என்பது நிபந்தனை. எல்லாப் பல்கலைக்கழகமும் இப்படித் தராது. தருகிறதா என்பதை முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஆங்கில நெறிக்கு மட்டும் விண்ணப்பிப்பதானால் பெரும்பாலான இடங்களில் டோஃபல் கேட்கமாட்டார்கள். உயர்தரம் முடித்திருந்தால் போதும். ஆனால் அங்கே சேர்ந்துவிட்டால் பட்டப்படிப்பு தானாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அது வேறு விண்ணப்பம், வேறு தீர்மானம். இந்த வகுப்புகள் பட்டத்துக்கு எண்ணப்படுவதும் பொதுவாக இல்லை.

காசு கட்டமுதல் ஒன்றைப் பாருங்கள். அந்தப் பயிற்சிநெறி அங்கீகாரம் பெற்றதா? 2010 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, மாணவர் விசாவுக்கு ஆள் எடுக்கும் ஆங்கில நெறிகள் அந்த நாட்டுக் கல்வித் திணைக்களம் ஏற்றுக்கொண்ட அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும். ஒரு கட்டடத்தையும் சிரித்த முகங்களையும் படம் போட்டுக் காட்டி முகவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது விண்ணப்பப் படிவம். எங்கள் ஆட்களுக்கு முதல் வரியிலேயே வில்லங்கம். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் என்ற இடத்தில் நிற்கிறது. உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். பிறப்புச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறு. இவை மூன்றும் ஒரே ஆள்தானா என்று பல்கலைக்கழகம் கேட்டது. சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினேன். கடவுச்சீட்டில் ஒரேயொரு பெயர் மட்டும் இருந்தால் இன்னும் சிக்கல்: அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடிப்பார்கள். முதற்பெயர் தெரியாது என்பது அதன் பொருள். ஆகவே கடவுச்சீட்டு எடுக்கும் நாளிலேயே யோசித்து எடுங்கள். பிறகு எல்லாப் படிவத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடி, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். எனக்கு அங்கே முதல் நாள் வகுப்பில் ஆசிரியை அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற வாத்தியாரான என் அப்பாவே கதவடியில் வந்து நிற்பது போல இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. இரண்டு கிழமை அப்பாவின் பெயரிலேயே படித்தேன்.

சான்றிதழ்களை நேரத்தோடு எடுங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்தில் ஆங்கிலத்தில் பெறலாம். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்கவேண்டும். கடைசிக் கிழமையில் ஓடினால் இரண்டும் கைக்கு வராது.

பிறகு காசு. இதைப் பெற்றோரும் கேட்கவேண்டும். படிப்புக் கட்டணம், இருப்பிடம், சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி எல்லாவற்றுக்கும் காசு இருக்கிறது என்று ஆதாரம் காட்டினால்தான் பல்கலைக்கழகம் 'ஐ-20' என்ற பத்திரத்தை அனுப்பும். அது இல்லாமல் விசாவுக்குப் போக முடியாது. எனக்கு நோர்வேயில் இருக்கும் அண்ணா பொறுப்பு நின்றார். அவருடைய வங்கிக் கூற்று, சம்பளக் கடிதம், 'என் தங்கைக்கு நான் செலவழிப்பேன்' என்ற கடிதம் மூன்றும் அனுப்பினோம். சிலர் சீட்டுக் காசையும் கைமாற்றுக் காசையும் நேர்முகத்துக்கு முதற்கிழமை வங்கியில் போட்டுக் கூற்று எடுப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

ஐ-20 வந்த பிறகு 'செவிஸ்' கட்டணம். நான் கட்டியபோது 200 டொலர்; 2019 இலிருந்து 350 டொலர். அதைவிட விசாக் கட்டணம் வேறு. 2023 இலிருந்து 185 டொலர். இவை கூடிக்கொண்டே போகின்றன, ஆகவே கட்டுகிற நாளில் உரிய இடத்தில் பார்த்துக் கட்டுங்கள். விசா கிடைக்காவிட்டால் இந்தக் காசு திரும்பி வராது. விசா கைக்கு வராமல் விமானச் சீட்டு வாங்காதீர்கள். வகுப்புத் தொடங்க 30 நாளுக்கு முதல் நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. "போய்ச் சேர்ந்தால் வேலை செய்து கட்டலாம்" என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். மாணவர் விசாவில் வளாகத்துக்கு உள்ளே மட்டும், பாடம் நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேற்படாமல்தான் வேலை செய்யலாம். அதுவும் கிடைத்தால். பட்டப்படிப்புக்குப் பிறகு தருகிற தொழிற்பயிற்சி அனுமதியும் ஆங்கில நெறி மட்டும் படித்தவருக்கு இல்லை. காணியை ஈடு வைத்து, அம்மாவின் தாலிக்கொடியை அடைவு வைத்து ஆங்கிலம் மட்டும் படிக்கப் போவதென்றால், இந்த மேடையில் இருந்தே சொல்கிறேன், போகாதீர்கள். அந்தக் காசில் கால்வாசியில் இங்கேயே நல்ல ஆங்கிலம் படிக்கலாம்.

இனிக் கடிதம். ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுதிக் கேட்டார்கள். நான் கொழும்பில் ஒருவரிடம் காசு கொடுத்து எழுதுவித்தேன். அருமையான ஆங்கிலம். 'உலகப் புகழ் வாய்ந்த தங்கள் கல்வி நிறுவனத்தில்' என்று தொடங்கியது. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆங்கில இலக்கியத்தில் தணியாத ஆர்வம் என்று அதில் இருந்தது. நான் அப்படிச் சொன்னதே இல்லை.

அனுப்ப முதல் ஒருவருக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியது. அமெரிக்காவில் ஒஹாயோவில் இருந்த எங்கள் பழைய மாணவி ஒருவரின் முகவரியை இந்தச் சங்கத்தில்தான் வாங்கினேன். எனக்கு ஐந்து வகுப்பு மேலே படித்தவர். அதுவரைக்கும் நேரில் பேசியதில்லை. கடிதத்தை அனுப்பிவிட்டு, ஒருநாள் விடியப்புறம் ஆஸ்பத்திரி விடுதியில் இருந்து ஸ்கைப்பில் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, இது ஆர் எழுதினது?" என்றார் எடுத்தவுடனேயே.

நான் பேசாமல் இருந்தேன்.

"சரி, அது கிடக்கட்டும். நான்தான் விசா குடுக்கிற ஆள் எண்டு நினையும். நீர் டொக்டர். பிறகேன் உமக்கு ஆங்கில வகுப்பு? ஆங்கிலத்தில சொல்லும்."

பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தேன். உலகப் புகழ், தணியாத ஆர்வம் எல்லாம் வந்தது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இப்ப தமிழில சொல்லும், உண்மையாய் ஏன்?" என்றார்.

நான் முகாமையும் விளக்கையும் சொன்னேன். அதுவரை எவருக்கும் சொல்லாத கதை. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை எழுதும். பிழையாய் எழுதினாலும் பரவாயில்லை. ஆங்கிலம் நல்லாய்த் தெரிஞ்ச ஆள் எழுதின மாதிரி எழுதினால், உமக்கு ஏன் ஆங்கில வகுப்பு எண்டுதானே அவை கேப்பினம்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் விளங்கியது. வேறு எல்லா விண்ணப்பத்திலும் எங்களுக்கு என்ன தெரியும் என்று காட்டவேண்டும். இந்த ஒன்றில் மட்டும் என்ன தெரியாது என்று சொல்லவேண்டும். எங்களுக்கு அது வராது. முதல் பிள்ளையாக வந்து, நாலு பாடத்தில் விசேட சித்தி எடுத்து, பரிசளிப்பு விழாவில் புத்தகம் வாங்கி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 'எனக்கு இது போதாது' என்று எழுதக் கை வராது. ஆகவே கடன் வாங்கிய ஆங்கிலத்தில் எழுதுகிறோம்.

அப்படி எழுதினால் என்ன நடக்கும்? போன முதற் கிழமையிலேயே தரம் பிரிக்கும் சோதனை வைப்பார்கள். வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மற்றவர் எழுதிக் கொடுத்த கடிதம் அன்றைக்கு உதவாது. கீழ்த்தரத்தில் போட்டால் பருவங்கள் கூடும், செலவும் கூடும். நான் ஒரு பருவம் என்று கணக்குப் போட்டுப் போனேன். வாசிப்பில் மேல்வகுப்பு, பேச்சில் இரண்டு வகுப்புக் கீழே. இரண்டு பருவம் எடுத்தது. அண்ணா இரண்டாம் முறையும் ஐயாயிரம் டொலருக்கு மேல் அனுப்பவேண்டி வந்தது. நீங்கள் கணக்குப் போடும்போது முதலிலேயே இரண்டு பருவமாகப் போடுங்கள்.

நான் சொந்தமாக எழுதிய கடிதம் ஒரு பக்கம் இல்லை, முக்கால் பக்கம்தான். அக்கா அதில் ஒரு வசனத்தையும் எழுதித் தரவில்லை. விளங்காத இரண்டு இடத்தில் கோடு போட்டு, "இதில நீர் என்ன சொல்ல வாறீர்?" என்று மட்டும் கேட்டார். நேர்முகத்துக்கு முதல் இன்னும் மூன்று தடவை விசா அதிகாரியாக இருந்து என்னைக் கேள்வி கேட்டார்.

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. விண்ணப்பிக்கிறவர் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு எங்களுடையது. ஆனால் ஆங்கிலம் தடுமாறுவது அங்கே குற்றம் இல்லை. ஆங்கில நெறிக்குப் போகிற மாணவர் என்று ஐ-20 இலேயே எழுதியிருக்கும். கொழும்பில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, அக்கா கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார். எனக்கு வாசிக்கத் தெரியும், கூட்டத்தில் பேசத் தெரியாது, நான் பேசாததால் பெண்கள் கஷ்டப்பட்டார்கள், திரும்பி வந்து பேசவேண்டும் என்று சின்னச் சின்ன வசனமாகச் சொன்னேன். அரசாங்க வேலையில் சம்பளமில்லா லீவு தந்த கடிதத்தைக் காட்டினேன். மூன்று நிமிடமும் இல்லை. விசா தந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் விசா கிடைக்கும் என்று நான் சொல்லவரவில்லை; உண்மையைச் சொன்ன எத்தனையோ பேருக்குக் கிடைக்காமலும் போயிருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்பவருக்கு அடுத்த கேள்விக்கும் பதில் இருக்கும்.

வகுப்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். சவூதி, சீனா, கொரியா, பிரேசில் என்று பல நாட்டுப் பிள்ளைகள். எல்லோரிலும் மூத்தவள் நான். முதற் கிழமையில் ஒரு கொரியப் பையன் எழும்பி நின்று வாசித்தான். ஒரு சொல்லில் பேசாமல் விடவேண்டிய எழுத்தையும் சேர்த்து வாசித்துவிட்டான். ஒன்பதாம் வகுப்பில் கேட்ட அதே வகைப் பிழை. சிரிப்பு வரப்போகிறது என்று என் முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியை அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி, அந்த எழுத்தை வட்டம் போட்டுக் காட்டினார். அதே மாதிரி இன்னும் நாலு சொல் சொல்லித் தந்தார். பையன் திரும்ப வாசித்துவிட்டு இருந்தான். அவ்வளவுதான்.

எனக்கு அன்றைக்கு அந்தப் பிள்ளையின் நினைவு வந்தது. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்த மலர் உலகம் எல்லாம் போகும் என்கிறார்கள். அவள் கையிலும் கிடைத்தால், என்னை மன்னித்துக்கொள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2014 இல் திரும்பி வந்தேன். இன்றைக்கு வடமாகாணத்தில் பொதுச் சுகாதாரத் துறையில் வேலை செய்கிறேன். கூட்டங்களில் பேசுகிறேன். இன்னும் பிழை விடுகிறேன். விட்டால் திருத்திக்கொண்டு தொடர்கிறேன்.

முடிக்க முதல் மூன்று வேண்டுகோள்.

பிள்ளைகளுக்கு: வெளிநாடு போவது பிறகு. இங்கே வகுப்பில் ஒருத்தி பிழையாக வாசித்தால் சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிக்காவிட்டால் நாளைக்கு நீங்களும் வாசிப்பீர்கள். விண்ணப்பிக்கும்போது உங்கள் கடிதத்தை நீங்களே எழுதுங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை ஆங்கில வகுப்புக்குப் போகிறாள் என்றால் அது கெட்டித்தனம் குறைவு என்று அர்த்தம் இல்லை. அதை ஊருக்கு மறைக்கச் சொல்லாதீர்கள். ஆனால் எவ்வளவு செலவு, எத்தனை பருவம், பிறகு என்ன படிப்பு என்ற மூன்று கேள்விக்கும் பதில் வராமல் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

பழைய மாணவிகளுக்கு: நாங்கள் கட்டடத்துக்குக் காசு தருகிறோம், மேசை கதிரை தருகிறோம், நல்லது. அதோடு கிழமையில் அரை மணித்தியாலம் தாருங்கள். ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இருந்து ஒரு பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசுங்கள். அவள் தடுமாறும்போது வசனத்தை நீங்கள் முடித்துவிடாமல் காத்திருங்கள். விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு விசா அதிகாரியாக இருந்து கேள்வி கேளுங்கள். கடிதத்தை வாசியுங்கள், விளங்காத இடத்தில் கோடு போடுங்கள், எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இப்படிச் செய்ய விரும்புபவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கம் இன்றைக்கே தொடங்கவேண்டும் என்று கேட்கிறேன். வாசலில் உள்ள மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். முதலாவது பெயர் என்னுடையது. இரண்டாவதாக ஒஹாயோ அக்கா நேற்றிரவு தொலைபேசியில் தன் பெயரைப் போடச் சொன்னார். மூன்றாவது வரி வெறுமையாக இருக்கிறது.